காந்தம் ஒட்டிய கம்பி

அத்தியாயம் 5

"டக்!"

மேஜை மேல் கிடந்த எவர்சில்வர் கம்பியில் காந்தம் ஒட்டிக்கொண்டது. ஒட்ட வைத்தவர் கையை விரித்துக் காட்டிவிட்டு, மேடையில் முயலை எடுத்த மேஜிக்காரர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார்.

முசுடு கைதட்டவில்லை. கொட்டாவி விட்டார்.

முசுடு என்பது அப்பா அம்மா வைத்த பெயரல்ல. உடைந்த மெஷின்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், "இது விபத்து இல்லீங்க, மடத்தனம்" என்று முதலாளிகளின் முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லிச் சம்பாதித்த பட்டம். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது துப்பறிகிறார். வேலையைத்தான் விட்டார், குணத்தை விடவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவன் உதவியாளன் வாயாடி, அவருடைய மனைவியின் தம்பி. "அவனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று மனைவி கேட்டுக்கொண்டதால் வந்து ஒட்டிக்கொண்டவன்.

"மாமா, நல்லாத்தானே ஒட்டுது? நம்ம ஆபீஸ் கதவுக்கும் ஒண்ணு வாங்கலாம்" என்றான் வாயாடி.

"சும்மா இருடா."

மேஜைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையின் சொந்தக்காரர், பெரியவர், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். காந்தம் வைத்தவர் அவருடைய பெண்ணைக் கட்டியவர். மாமனாருக்கு மட்டுமில்லை, வாட்ச்மேனிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை'தான். அந்த அழைப்பைக் கேட்டுக் கேட்டு, ஊரே தனக்குப் பெண் கொடுத்துவிட்டது என்ற நினைப்பு அந்த முகத்தில் வந்திருந்தது.

"அசல் ஸ்டெயின்லெஸ்ல காந்தம் ஒட்டாது சார். சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை.

"சின்னக் குழந்தைக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார் முசுடு. "மேல சொல்லுங்க."

விஷயம் இதுதான். இவர்கள் பால் பண்ணை பம்ப்புகளுக்கு ஷாஃப்ட், அதாவது உள்ளே சுழலும் தண்டு, கடைந்து கொடுக்கிறவர்கள். போன மாதம் அனுப்பிய ஷாஃப்ட்கள் உடம்பெல்லாம் துருப் புள்ளியோடு நேற்றுக் காலை பெட்டியில் திரும்பி வந்துவிட்டன. பெட்டியைத் திறந்த கையோடு மாப்பிள்ளை ஸ்டோருக்குள் பாய்ந்தார். அலமாரியில் அடுக்கியிருந்த கம்பிகளில் காந்தத்தை வைத்தார். ஒட்டியது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அசலை வெளியே விற்றுவிட்டுப் போலியை அடுக்கிவிட்டாள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தொழிலாளிகள் அத்தனை பேரையும் கூட்டி, ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, அந்த அம்மாளை நோக்கிக் கை நீட்டி, "இதோ நிக்கிறா பாருங்க திருடி" என்று கத்தினார்.

ஸ்டோர்க்காரம்மா இப்போது வாட்ச்மேன் அறையில் இருக்கிறாள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் விற்ற கம்பி எங்கே போனது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் முசுடு.

"பத்து வருஷத்துக்கு மேல இங்க இருக்கா. இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல" என்றார் பெரியவர். "மாப்பிள்ளை வந்ததுக்கப்புறம்தான் கம்பெனி தலை நிமிர்ந்துச்சு. கம்பி வாங்கறது, கஸ்டமர்கிட்ட பேசறது எல்லாம் அவர்தான். முன்னெல்லாம் ஒரு ஷாஃப்ட் கடையற நேரத்துல இப்ப ரெண்டு கடையறோம். அவர் மூளை அப்படி."

மாப்பிள்ளை அடக்கமாக இருப்பதுபோல் தரையைப் பார்த்தார். முசுடு மேஜை மேல் கிடந்த கம்பியைப் பார்த்தார். ஒருத்தன் வந்ததும் எஃகு திடீரென்று இளகிவிடுமா? வேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

"அந்தக் காந்தத்தைக் கொடுங்க" என்றார்.

கனமான, கறுப்பு வளையம். ஓரத்தில் காய்ந்த பசை. பசையில் நகத்தளவு கறுப்புக் காகிதம் கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முசுடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

"வீட்டுல கிடந்தது சார்."

சுவரில் இருந்த இரும்புப் பலகையில், காகிதம் பிடித்து வைக்கிற பொட்டுக் காந்தம் ஒன்று இருந்தது. முசுடு எழுந்து போய் அதை எடுத்து வந்து அதே கம்பியில் வைத்தார். அது ஒரு கணம் தயங்கியது, வழுக்கி மேஜையில் விழுந்தது.

"பாவம், அதுக்குப் பிடிக்கல போல" என்றான் வாயாடி.

"சின்னக் காந்தம் சார். பவர் இல்ல" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

"நிஜ இரும்புன்னா இந்தப் பொட்டே விடாது" என்று சொல்லிவிட்டு, கறுப்பு வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார் முசுடு.

வாட்ச்மேன் அறை ஒரு நாற்காலிக்கும் ஒரு மின்விசிறிக்கும் மட்டுமே இடம் கொடுக்கிற அறை. ஸ்டோர்க்காரம்மா நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக நின்றிருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம்.

"எதை வித்தீங்க?" என்று கேட்டார் முசுடு. இங்கிதம் அவருக்கு எப்போதும் இரண்டாவது கேள்வியில்தான் வரும்.

"ஒண்ணும் விக்கல சார். அலமாரியில அடுக்கினது அடுக்கினபடி இருக்கு. ஏன் அப்படியே இருக்குன்னுதான் நானே கேட்டேன். ஷாஃப்ட் பாட்டுக்கு போயிட்டே இருக்கு, என்கிட்ட யாரும் கம்பி கேட்டு வரல. மெஷின் பக்கத்துல வேற கம்பி நேரா வந்து இறங்குது. 'அதெல்லாம் உனக்கு எதுக்கு'ன்னு மாப்பிள்ளை சொல்லிட்டாரு."

"இதைப் பெரியவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாத்தானே?" என்றாள். "வேலை போனாப் போகட்டும் சார், வேற பார்த்துக்குவேன். என் பொண்ணு இந்தத் தெரு வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறா. இன்னிக்குக் காலையில கடைக்குப் போனவளை எவனோ 'திருடி மக'ன்னு கூப்பிட்டிருக்கான். அவ என்கிட்ட எதுவும் கேக்கல. சாப்பிடாம போயிட்டா. போலீஸ் ஜீப்புல என்னை ஏத்தினா அவ முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்?"

  முசுடு திரும்பி நடந்தார். அவருக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகும். வாயாடி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தான்.

"மாமா, எங்க?"

"பாத்திரம் கழுவற இடத்துக்கு."

"பசிக்குதுன்னா சொல்லலாமே!"

தொழிலாளிகள் டம்ளர் கழுவுகிற எவர்சில்வர் சிங்க் வராந்தா மூலையில் இருந்தது. முசுடு பையிலிருந்து காந்தத்தை எடுத்து சிங்க்கின் நடு அடியில் வைத்தார். ஒட்டவில்லை. சும்மா உட்கார்ந்தது, தள்ளினால் நகர்ந்தது. அதையே மெதுவாக இழுத்து, அடி வளைந்து சுவராக ஏறுகிற மூலைக்குக் கொண்டுபோனார். காந்தம் கையிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு மூலையில் ஒட்டியது.

வாயாடி கண்ணைக் கசக்கினான். "என்ன மாமா இது? நடுவுல யோக்கியன், மூலைக்குப் போனா களவாணியா?"

"ஒரே தகடுடா. தட்டையா இருந்த தகட்டை அச்சுல வெச்சு அமுக்கித் தொட்டி ஆக்கியிருக்கான். நடுவுல தகடு சும்மா இருந்துச்சு. மூலையில இழுபட்டிருக்கு. இந்த ஜாதி எஃகைச் சூடு காட்டாம இழுத்தா, இழுபட்ட இடத்துல காந்தம் லேசா ஒட்டும். சரக்கு அசல்தான்."

"அந்த அலமாரிக் கம்பி?"

"அது என்ன கம்பி? கோல்ட் ட்ரான். பச்சையா, சூடு காட்டாம, சின்னத் துளை வழியா முழுக் கம்பியையும் இழுத்து எடுக்கறது. அதனாலதான் அது அளவு பிசகாம, பளபளன்னு, நேரா வரும். உடம்பு பூரா இழுபட்ட கம்பியில காந்தம் ஒட்டாம என்ன செய்யும்?"

வாயாடி விசில் அடித்தான். "அப்ப மாப்பிள்ளை ஒரு மக்கு. அவ்வளவுதான் கேஸா?"

"மக்கா இருந்தா மன்னிச்சிடலாம்" என்றார் முசுடு. "வா."

லேத் என்கிற கடைசல் மெஷின்கள் ஓடும் கூடம் எண்ணெய் வாசனையோடு இரைந்துகொண்டிருந்தது. ஷாஃப்ட் கடைகிற லேத்துக்காரர் தொப்பையைத் தடவிக்கொண்டு, தன் மெஷினைத் தானே பெற்றது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினுக்குக் கீழே தட்டில் சீவல் பொடிப்பொடியாக விழுந்தது. முசுடு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். உடைந்த வளைவுகள், ஒன்றுகூட விரல் நீளமில்லை.

"நல்லா வெட்டுதா?"

"சும்மா வெண்ணெய் சார்!" லேத்துக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உளி தேயறதே இல்ல. கையில சுத்தாது, கிழிக்காது. கண்ண மூடிட்டு வெட்டலாம்."

"கண்ண மூடிட்டுத்தான் வெட்டியிருக்கீங்க. அலமாரியில இருந்து ஒரு கம்பி கொண்டாங்க. 'போலி'ன்னு சொன்னாங்களே, அதுலருந்து."

கொண்டுவந்து மாட்டினார்கள். உளி தொட்டதும் மெஷின் கீச்சென்று கத்தியது. கம்பியிலிருந்து சீவல் உடையவே இல்லை. பளபளவென்று நாடா மாதிரி நீண்டு, சுருண்டு, உளியைச் சுற்றி, லேத்துக்காரரின் கையைப் பதம் பார்க்க வந்தது. அவர் பதறிப் போய் மெஷினை நிறுத்தினார்.

"இதுதான் சார் தொல்லை! இந்த நாலாம் நம்பர் சனியனை வெட்டினா இப்படித்தான், பாம்பு மாதிரி சுத்தும். நான் தினம் மாப்பிள்ளைகிட்ட போய் அழுதேன். அப்புறம்தான் அவரே பார்த்து இந்த மூணாம் நம்பரை நேரா மெஷினுக்கு வரவழைச்சுக் கொடுத்தாரு. தங்கமான மனுஷன்!"

சொல்லிவிட்டு அவர் வாட்ச்மேன் அறைப் பக்கம் பார்த்தார். ஏதோ உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே நின்றது.

"அடப் பாவி, தங்கமான மனுஷனாம்!" என்று முணுமுணுத்தான் வாயாடி.

"நாலு, மூணுன்னா என்ன மாமா?" என்று பிறகு கேட்டான்.

"முன்னூத்தி நாலு, முன்னூத்தி மூணு. ரெண்டும் ஸ்டெயின்லெஸ்தான். மூணுல கந்தகம் சேர்த்திருப்பான், சீவல் உடைஞ்சு விழறதுக்காக. காஞ்ச இடத்துல அது ராஜா. பால் பண்ணையில தினமும் உப்பும் ஆசிட்டும் ஊத்திக் கழுவறான். அங்க கொண்டு போய் வெச்சா சொறி பிடிச்ச மாதிரி புள்ளி புள்ளியாத் துரு ஏறும். பண்ணைக்காரன் கேட்டது நாலு." முசுடு லேத்துக்காரர் பக்கம் திரும்பினார். "கம்பி எங்க போய்க் குடித்தனம் பண்ணப் போகுதுன்னு பார்த்து வாங்கணும்யா. கடையறவனுக்குக் கை வலிக்குதுன்னு பார்த்தா வாங்குவாங்க?"

லேத்துக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பேச்சை மாற்றும் அவசரத்தில், "டீ டைம் வேற தாண்டிடுச்சு போல. பாட்டு வந்தாத்தானே தெரியும்" என்றார்.

"என்ன பாட்டு?"

"டீக்கு ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுவாங்க சார். அது ஊமையாயிடுச்சு. நேத்து பெட்டி வந்தப்பக்கூட மைக்ல கூப்பிட முடியாம வாட்ச்மேன் ஓடி வந்து கத்தினான்."

முசுடுவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. பார்க்க அவ்வளவு நல்ல சிரிப்பல்ல. "டேய், அந்த ஸ்டூலைப் போட்டு ஏறு."

வாயாடி ஏறினான். சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டான். "மாமா, உள்ள பொக்கைவாய்! நடுவுல எதையோ நெம்பிப் பிடுங்கியிருக்கான். கறுப்புக் காகிதம் கிழிஞ்சு தொங்குது."

முசுடு பையிலிருந்த வளையத்தைத் தூக்கிப் போட்டார். வாயாடி பிடித்து உள்ளே பொருத்திப் பார்த்தான். பசைத் தடம் பசைத் தடத்தில் உட்கார்ந்தது. வளையத்தில் ஒட்டியிருந்த நகத்தளவு காகிதம் கிழிசலில் போய்ச் சரியாக அடங்கியது.

அரைமணி நேரம் கழித்து, அதே ஆபீஸ் அறை. பெரியவர், மாப்பிள்ளை, வாட்ச்மேன் அறையிலிருந்து அழைத்து வரப்பட்ட ஸ்டோர்க்காரம்மா. மேஜை மேல் முசுடு இரண்டு சீவல்களை வைத்தார். ஒன்று நீண்ட நாடா. இன்னொன்று ஒரு பிடிப் பொடி.

"களவு போன கம்பி கிடைச்சிடுச்சு" என்றார்.

பெரியவர் துள்ளி எழுந்தார். "எங்க?"

"உங்க அலமாரியில. வெச்ச இடத்துல. உங்க மாப்பிள்ளை காந்தம் வெச்சுப் போலின்னு சொன்னாரே, அதான் அசல். ஒண்ணுகூடக் குறையல. யாரும் எடுக்கலை, ஏன்னா அதை வெட்டக் கஷ்டம். இந்தப் பொடிதான் பால் பண்ணைக்குப் போன ஷாஃப்ட். சுலபமா வெட்டுதுன்னு ஸ்டோருக்குத் தெரியாம நேரா மெஷினுக்கு வந்த கம்பி. நீங்க மெச்சிக்கிட்டீங்களே ரெண்டு மடங்கு வேகம், அது இதோட வேகம்."

"இ... இருக்கலாம் சார்" என்றார் மாப்பிள்ளை. வியர்வை காதோரம் இறங்கியது. "தெரியாம வாங்கிட்டேன். காந்தம் ஒட்டினதும் நான் நிஜமாவே தப்பா நினைச்சுட்டேன். மனுஷன்னா தப்பு வராதா?"

"வரும். தெரியாம வாங்கினதை மட்டும் நான் நம்பறேன். அந்த அளவுக்குத் தெரியாதவர்தான் நீங்க." முசுடு காந்தத்தை மேஜையில் வைத்தார். "வீட்டுல கிடந்ததா சொன்னீங்க. இது உங்க ஸ்பீக்கர்ல இருந்து பிடுங்கினது. சந்தேகம் வந்து சோதிக்கறவன் கையில கிடைச்சதை எடுப்பான். நீங்களும் பலகையில இருந்த பொட்டைத்தான் முதல்ல எடுத்திருப்பீங்க, அது வழுக்கி விழுந்திருக்கும். கூட்டத்துல விழுந்தா மானம் போயிடுமே? அதான் விழாத காந்தம் தேடினீங்க."

"பெட்டியப் பார்த்த அதிர்ச்சியில..."

"பெட்டி வந்தப்பவே ஸ்பீக்கர் ஊமை. வாட்ச்மேன் ஓடி வந்து கத்தினதை இங்க எல்லாருமே கேட்டிருக்காங்க. துருவைக் கண்ணால பார்க்கறதுக்கு முன்னாடியே காந்தம் ரெடி. அப்படின்னா பெட்டிக்கு முன்னாடி பண்ணைக்காரன் போன் பண்ணியிருக்கான்." முசுடு பெரியவரைப் பார்த்தார். "கஸ்டமர் போனை யார் எடுக்கறது?"

  பெரியவர் மெதுவாக மருமகன் பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளை மென்று விழுங்கினார். "மாமா, அவங்க திருப்பி அனுப்பறேன்னு சொன்னதும் கை கால் ஓடல. உங்க முன்னாடி அசிங்கப்பட வேண்டாமேன்னு..."

"உன் அசிங்கத்துக்கு இந்தப் பொம்பளை ஜெயிலுக்குப் போகணுமா?" என்று கேட்டவன் வாயாடி. அவன் குரலில் கிண்டல் துளியும் இல்லை. முசுடுவே திரும்பிப் பார்த்தார்.

 பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனிதர் உடைந்து போயிருப்பார் என்று முசுடு நினைத்தார். வாழ்க்கையில் அவர் மனிதர்களைக் கொஞ்சம் உயர்வாக எடை போடுவது அபூர்வம். போட்டபோதெல்லாம் இப்படித்தான் ஏமாந்தார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு" என்றார் பெரியவர். "குடும்ப மானம் பாருங்க. நான் இன்ஸ்பெக்டரை வர வேண்டாம்னு சொல்லிடறேன். நீயும் பழையபடி வேலைக்கு வந்துடும்மா. வெளியில யாரும் எதுவும் பேச வேண்டாம். ஏதோ கணக்குல குழப்பம், சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். எல்லாருக்கும் நல்லது."

முசுடுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க குடும்ப மானத்தைச் சுத்தி அழகா வேலி போடறீங்க. அவங்க குடும்பத்துக்கு மானம் கிடையாதா?"

"சார், இருங்க" என்றாள் ஸ்டோர்க்காரம்மா.

அவள் இவ்வளவு நேரமும் மேஜை மேல் இருந்த காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"எந்த ஸ்டூல் மேல நின்னு சொன்னீங்களோ, அதே ஸ்டூல் மேல நின்னு இதையும் சொல்லுங்க. அதே ஆளுங்க முன்னாடி."

"அதெல்லாம் எதுக்கும்மா..." என்று இழுத்தார் பெரியவர்.

"சொல்லலைன்னா இன்ஸ்பெக்டர் வரட்டும். நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன். இந்தச் சாரும் சொல்லுவாரு."

"விடிய விடியச் சொல்லுவேன்" என்றார் முசுடு.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். வாயாடியே ஸ்டூலைத் தூக்கி வந்து நடுவில் போட்டு, உட்காரும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தான். "ஏறுங்க மாப்பிள்ளை சார். மைக் வேலை செய்யாது, நீங்களே பிடுங்கிட்டீங்க. தொண்டையைத்தான் நம்பணும்."

மாப்பிள்ளை ஏறினார். நேற்று இதே உயரத்தில் நின்றபோது அவ்வளவு பெரிதாகத் தெரிந்தவர், இன்று ஸ்டூலுக்கே பாரமில்லாமல் நின்றார். உதடு அசைந்தது. முன் வரிசையில் இருந்தவர்களுக்கே பாதிதான் விழுந்தது. தப்பான கம்பி, நான், அந்தம்மா இல்லை என்று ஏதோ வந்தது.

ஸ்டோர்க்காரம்மா முன்னால் வரவில்லை. கூட்டத்துக்கெல்லாம் பின்னால், கூடத்தின் கடைசியில், ஸ்டோர் வாசலில், தன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அங்கிருந்து தெருவைப் பார்த்த கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கேக்கல" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஸ்டூலைப் பார்த்தார்கள்.

"தெரு வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. நேத்து கேட்டுச்சு."

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை மூச்சை இழுத்து, முதலிலிருந்து, கத்திச் சொன்னார்.